மருந்து அறையில் பஞ்சம்மாளின் இடம்

விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் அது ஒரு சின்ன ஊராட்சி. இரண்டாயிரத்து ஆறாம் வருஷத் தேர்தலில் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஊர்ப் பெரியமனிதர்கள் ஆளுக்கொரு பொம்மையைத் தேடி அலைந்தார்கள். பொம்மையும் அகப்பட்டது. ஆனால் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் பஞ்சம்மாள் போய் மனுப் போட்டுவிட்டாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து அவளுக்கே ஓட்டுக் குத்தினார்கள். ராமுத்தாய் என்பவள் வீடு வீடாய் ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டாள். ஜெயித்த மறுநாளும் பஞ்சம்மாள் கம்பெனி பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனாள். தலைவர் பதவியா சோறு போடும்?

அவள் வேலை மருந்து செலுத்துவது. மருந்து என்றால் வெடிமருந்து. அந்த அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஒருத்திக்குக் கை தவறினால் நாலு பேருக்கும் சேர்த்துத்தான். அதனால் யாரை எந்த அறையில் போடுவது என்பதைப் போர்மேன் வாயால் சொல்வாரே தவிர, முடிவு பண்ணுவது அந்தப் பெண்கள்தான். பஞ்சம்மாளுக்கு வாய் நீளம், கை பதனம்; ஒரு பொட்டு மருந்து சிந்தாது. அவளோடு ஒரே அறையில் உட்காரப் பெண்கள் போட்டி போட்டார்கள். ராமுத்தாய் வருஷக்கணக்காக அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருஷம் தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். ஊருக்குத் தண்ணீர் ராத்திரியில்தான் வரும். தொட்டியைத் திறந்துவிடுகிறவன் தன் தெருவுக்கு மட்டும் தாராளமாக விட்டுவிட்டு மேலத்தெருவை மறந்துவிடுவான். மறக்காமல் இருக்கட்டும் என்று பஞ்சம்மாள் ராத்திரியில் தொட்டியடியில் போய் நிற்பாள். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் ஊராட்சித் தலைவர்களுக்குக் கூட்டம் போட்டார்கள். ஓர் அதிகாரி கழிப்பறைத் திட்டத்தைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தார். வாசித்தார், வாசித்தார், வாசித்துக்கொண்டே இருந்தார். தலைக்கு மேலே மின்விசிறி வேறு. பஞ்சம்மாள் தூங்கிவிட்டாள்.

மறுநாள் மாலைப் பத்திரிகையில் படம் வந்தது. பஞ்சம்மாள் வாயைப் பிளந்து, தலையைத் தோளில் சாய்த்துக் கிடந்தாள். இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த ஆண் தலைவர்களும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களைப் படத்தில் வெட்டிவிட்டார்கள்.

சிவகாசிப் பக்கத்தில் போஸ்டர் அடிக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்? தேர்தலில் தோற்றவளின் புருஷன், ஊர்க்காவலன் என்று பேர், நாலு கலரில் அடித்து ஊரெல்லாம் ஒட்டினான். ‘தலைவி தூங்குகிறார், தண்ணீர் கேட்டு எழுப்பாதீர்!’ டீக்கடையில் சிரித்தார்கள், ரேஷன் கடையில் சிரித்தார்கள். அவள் நடந்துபோனால் பின்னால் யாராவது குறட்டை விட்டுக் காட்டினார்கள். அவள் புருஷன் கோட்டைச்சாமி போஸ்டரைக் கிழிக்கக் கிளம்பினான்.

“சும்மா இருங்க. கல்யாணத்துலகூட நம்மள இம்புட்டுப் பெருசா எவன் போட்டோ எடுத்தான்? இருந்துட்டுப் போகட்டும்” என்றாள் பஞ்சம்மாள்.

குறட்டை விட்டவனிடம் மட்டும் திரும்பி நின்று, “ஏலே, ஒருநா ராத்திரி தொட்டிக்கிட்ட வந்து நில்லு. நீ நின்னுக்கிட்டே தூங்குவ” என்றாள். ஊர்ச் சிரிப்பு அவளை அசைக்கவில்லை.

அடுத்த நாள் கம்பெனியில் மருந்து அறை வாசலிலேயே போர்மேன் செல்வக்குமார் அவளை நிறுத்தினார்.

“பஞ்சம்மா, நீ இன்னைக்கு லேபிள் ஒட்டுற செட்டுக்குப் போ.”

“யாரு சொன்னது அண்ணாச்சி? மொதலாளியா?”

அவர் உள்ளே பார்த்தார். உள்ளே இருந்த மூன்று பேரும் தலை நிமிரவில்லை. அதில் ராமுத்தாயும் ஒருத்தி.

சாப்பாட்டு நேரத்தில் பஞ்சம்மாள் நேரே அவளிடம் போனாள்.

“ஏத்தா ராமுத்தாயி, ஊரு சிரிச்சது பத்தாதுன்னு நீயுமா?”

“நான் சிரிக்கல மதினி. நாளைக்கே எலெக்‌ஷன் வந்தாலும் ஒங்களுக்குத்தான் ஓட்டு. ஆனா மருந்து ரூம்புல ஒங்க பக்கத்துல உக்கார மாட்டேன். எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு.”

“என்னைக்காவது நான் அங்கன கண்ணசந்து பாத்திருக்கியா?”

“இல்ல. கூட்டத்துலயும் இதுக்கு முன்ன தூங்குனீகளா? இல்லைல்ல?”

போஸ்டருக்கு அழாதவள், லேபிள் ஒட்டும் கொட்டகையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். மனசு விட்டுப்போயிற்று. ஊரையே நம்பிக் கையில் கொடுத்த ராமுத்தாய், பக்கத்தில் ஒரு முழம் இடத்தை நம்பித் தர மாட்டேன் என்கிறாளே!

அன்றிலிருந்து ராமுத்தாயோடு பேச்சில்லை. பஸ்ஸில் ஆளுக்கொரு மூலை. “ராத்திரி தொட்டிக்குப் போறத விடு, இல்ல மருந்து ரூம மற” என்றான் கோட்டைச்சாமி. “ரெண்டையும் விட மாட்டேன். அவளே வந்து கூப்பிடுவா, பாருங்க” என்றாள் பஞ்சம்மாள். வீம்பு என்றால் வீம்புதான்.

அவள் சொன்னபடியே நடந்தது. அவள் இடத்தில் புதிதாகப் போட்ட பெண்ணுக்கு மருந்தைக் கண்டாலே பயம். தரையெல்லாம் சிந்தினாள். ஒருநாள் காலையில் செல்வக்குமார் லேபிள் கொட்டகைக்கே வந்தார். “நாளைலருந்து ஒன் எடத்துக்கு வந்துரு. மூணு பேரும் சரின்னுட்டாக. ராமுத்தாயிதான் மொதல்ல சொன்னா.”

பஞ்சம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கிண்டலும் கேலியுமாய் இருந்தாள். சாப்பிட்டு முடித்து, மற்றவர்கள் கை கழுவப் போன நேரத்தில் மறுபடி லேபிளை எடுத்தாள். ஒன்று ஒட்டினாள். இன்னொன்று எடுத்தாள்.

கண்ணைத் திறந்தபோது அவள் கை பசைச் சட்டிக்குள் கிடந்தது. பசை கையைச் சுற்றி ஏடு கட்டியிருந்தது. எப்போது கண் மூடியது, எவ்வளவு நேரம் மூடியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. சுற்றிலும் பார்த்தாள். பெண்கள் இன்னும் குழாயடியில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. அவள் ஏட்டை உரித்துவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ராமுத்தாய் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

“மதினி, நாளைக்கு வந்துருவீகள்ல?”

“வரல.”

“இன்னும் எம்மேல கோவமா இருக்கீகளா?”

“கோவமெல்லாம் இல்ல தாயி. இன்னைக்கு மத்தியானம் தூங்கிட்டேன். பசைக்குள்ள கைய விட்டுக்கிட்டே தூங்கியிருக்கேன். போர்மேன்கிட்டயும் சொல்லிட்டேன், வேற ஆளப் போடச் சொல்லி.”

ராமுத்தாய் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “அவருகிட்ட எதுக்குச் சொன்னீக? வெளிய தெரிஞ்சா மறுபடியும் ஊரு சிரிக்குமே.”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போகுது. ஒம் பிள்ளைக அழுகக் கூடாதுல்ல.”

பஸ் வந்தது. ராமுத்தாய் முண்டியடித்து முதலில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்துப் பஞ்சம்மாளை உட்காரவைத்தாள். விஸ்வநத்தம் தாண்டுவதற்குள் பஞ்சம்மாள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பின்சீட்டில் ஒருத்தி சத்தமாகப் பேச வாயெடுத்தாள். ராமுத்தாய் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். ஊர் வரும்வரை பஸ்ஸில் யாரும் சத்தம் போடவில்லை.