உப்புப் போட்ட வெள்ளரித் தண்டு

செத்த தண்டு நீளும் என்றால் என் கணவர் நம்பவே மாட்டார். அவருக்கு ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில், பதனிடாத பச்சைத்தோலை வைக்கும் கிடங்கில் வேலை. "செத்தது அழுகும்மா. எங்கயாவது வளருமா? இன்னா கதை விடுற?" என்பார்.

நான் வேலூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. இருட்டில் முளைக்க வைத்த வெள்ளரி நாற்றின் தண்டை உறைய வைத்துக் கொன்று, கிளிப்பில் மாட்டி, கீழே சின்ன எடையைத் தொங்கவிட்டு, லேசாகப் புளிப்பேற்றிய நீரில் நனைத்தால் அது மெல்ல நீள ஆரம்பிக்கும். கொதிநீரில் போட்டெடுத்த தண்டோ அசையாது.

எல்லாம் செல் சுவர் செய்கிற வேலை. செடியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி விறைப்பான சுவர் உண்டு. அது கொஞ்சம் இளகிக் கொடுத்தால்தான் செல் பெரிதாகும், செடி உயரும். இளக்கிக் கொடுப்பவை சுவருக்குள்ளேயே இருக்கும் நொதிகளும் அவற்றின் கூட்டாளிப் புரதங்களும். செல் செத்த பிறகும் அவை வேலையை விடுவதில்லை. வேகவைத்தால்தான் ஓய்கின்றன. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது வியப்புதான்.

என் பேராசிரியருக்கு வியப்பு போதவில்லை. "சுவர்ல இருந்து அந்தச் சரக்கை வெளிய எடுங்க. வெந்த தண்டுல ஊத்தி, அதை நீள வெச்சுக் காட்டுங்க," என்றார். அரைத்தேன், பிழிந்தேன், வடிகட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறையும் தோற்றால் ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பள்ளி வேலைக்குப் போவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம்.

கல்லூரியில் உறைபெட்டி பழுது. அதனால் கடைசியாக வளர்த்த தண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வீட்டு பிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்திருந்தேன். நான் வேலூரில் இருந்தபோது வீட்டில் கரண்ட் போய்விட்டது. விடுமுறையில் இருந்த என் கணவர், தண்டுகள் இளகித் தண்ணீர் விடுவதைப் பார்த்துப் பதறிவிட்டார். பச்சைத்தோல் அழுகாமல் இருக்கக் கிடங்கில் என்ன செய்வார்களோ அதையே செய்தார். கல்லுப்பைக் கை நிறைய அள்ளிப் போட்டு, புரட்டி, டப்பாவை மூடி வைத்துவிட்டார். மாலையில் வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன்.

"இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க!"

"கெட்டுடக் கூடாதுன்னு போட்டேன். மோந்து பாரு, நாத்தம் கீத்தம் வருதா?" என்றார் பெருமையாக.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். என் கணவர் பாவம், சாப்பிடாமலேயே படுத்துவிட்டார்.

மறுநாள் டப்பாவோடு கல்லூரிக்குப் போனேன். தூக்கிப் போடும் முன் ஒன்றைக் கழுவிப் புளிப்பு நீரில் மாட்டினேன். நீளவில்லை. அடுத்ததும் நீளவில்லை. எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. வெந்த தண்டு நீளாது, சரி, சூட்டில் புரதம் கெட்டிருக்கும். இந்தத் தண்டு வேகவே இல்லையே. அப்படியானால் சரக்கு எங்கே போயிற்று?

டப்பாவின் அடியில் உப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. அத்தனை உப்பு அதைச் சுவரிலிருந்து பிரித்து இந்தத் தண்ணீரில் இறக்கியிருக்குமோ? நானும் உப்பு சேர்த்துப் பார்த்தவள்தான், ஆனால் ரசத்துக்குப் போடுவதுபோல் பயந்து பயந்து. இவ்வளவு போட எனக்குக் கை வந்ததில்லை. அந்தத் தண்ணீரை வடித்து, உப்பைக் குறைத்து, செறிவாக்கி, புளிப்பு நீரில் மாட்டிய வெந்த தண்டில் ஊற்றினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, அளவுகோலை ஒட்டித் தொங்கிய எடை இறங்கத் தொடங்கியது.

பேராசிரியரைக் கூப்பிட்டேன். அவர் இன்னொரு வெந்த தண்டை மாட்டச் சொன்னார். அதுவும் நீண்டது. "மறுபடி செஞ்சு உறுதிப்படுத்துங்க. ஆராய்ச்சியைத் தொடரலாம்," என்றார்.

வராந்தாவுக்கு வந்து கணவருக்குப் போன் போட்டேன்.

"நீங்க உப்பு போட்ட தண்ணி வேலை செய்யுதுங்க. வெந்த தண்டு நீளுது."

"அப்ப நான் கெடுக்கலையா?"

"இல்ல. சரக்கு அந்தத் தண்ணியிலதான் இருந்திருக்கு."

"ஸ்கூல் வேலை?"

"போகல."

  போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, கிடங்கில் பக்கத்திலிருந்த யாரிடமோ அவர் உரக்கச் சொல்வது கேட்டது: "எங்க வீட்டுல படிப்ப நிறுத்தலடா!"