சஹனில் ஓர் ஓரம்

கட்டுகஸ்தோட்டையில் பெண் எடுத்த நாளிலிருந்து முஹைதீனுக்கென்று தனியாக ஒரு தட்டு இருந்ததில்லை. மனைவியின் வீட்டில் ஆண்கள் எல்லோரும் சஹனில்தான் சாப்பிடுவார்கள். சஹன் என்பது அகலமான பெரிய தாம்பாளம். நடுவில் சோறு, மேலே இறைச்சி, சுற்றிவர நான்கைந்து பேர். அவரவர் முன்னால் இருக்கும் ஓரம் அவரவர் பங்கு. நல்ல துண்டுகளை மாப்பிள்ளையின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவது மச்சான்மாரின் கடமை. வேறு எந்தக் கடமையை மறந்தாலும் இதை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

கண்டியில், கொழும்புத் தெருப் புடவைக் கடையொன்றில் நாள் முழுக்க நின்றபடி துணி அளப்பது முஹைதீனின் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் செருப்பு கடித்த ஒரு புண், வலது பெருவிரலில் ஆறாமல் கிடந்தது. ஆஸ்பத்திரி டொக்டர் பார்த்துவிட்டுச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்றார். சோற்றைக் குறைத்து, இனிப்பை விட்டு, குரக்கன் என்கிற கேழ்வரகும் கீரையுமாகச் சாப்பிடாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார். சொல்வதற்கென்ன! அந்த டொக்டர் எந்த வீட்டிலும் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்திருக்கமாட்டார்.

அன்று மாலை மனைவி கைரியா குரக்கன் ரொட்டி சுட்டாள். வாசனை பட்டதுமே அவள் உம்மா றலியா அடுப்படிக்கு வந்துவிட்டாள்.

"மாப்புளக்குக் குரக்கனா? இந்த வீட்டுல சோறு இல்லன்டுதானே ஊர் பேசும்?"

"டொக்டர் சொன்னதும்மா."

"டொக்டர் மருந்து குடுக்கட்டும். சோறு நான் குடுக்கிறன்."

ரொட்டி கோழிகளுக்குப் போனது.

மாமியிடம் நேரே பேச முஹைதீனுக்கு வழியில்லை. அந்த வீட்டு வழக்கப்படி மாமி மருமகனின் கண்ணில் படமாட்டாள். இத்தனை வருடமாக றலியா அவருக்குக் கதவுத் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு குரல்தான். அந்தக் குரலிடம் போய்த் தன் வயிற்றைப் பற்றிப் பேச வெட்கமாக இருந்தது. அதனால் ஒரு தந்திரம் செய்தார். கையைச் சுறுசுறுப்பாக ஓட்டுவார், கதையைக் கவனமாகக் கேட்பார், இடையில் தன் ஓரத்துச் சோற்றை மெல்ல மெல்ல மச்சான் ஹபீலின் ஓரத்துக்கு நகர்த்திவிடுவார். ஹபீல் இதையெல்லாம் கவனிக்கிற ஆளல்ல, வந்ததைத் தின்பான்.

புண் சுருங்கத் தொடங்கியது. ஆனால் பாவம், மனிதருக்கு ஓய்ச்சல் இல்லை. பகலெல்லாம் நின்று துணி அளந்துவிட்டு வந்து, இன்னொரு வேலைபோலச் சாப்பாட்டை நடிக்க வேண்டியிருந்தது.

திரைக்குப் பின்னால் இருந்தவள் கண்டுபிடித்துவிட்டாள். பெண் வீட்டில் மாப்பிள்ளை சாப்பிடவில்லை என்றால் அவளுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான், அது மனக்குறை. இன்று சோற்றைத் தள்ளுவார், நாளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். கைரியா எவ்வளவு சொல்லியும் காதில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் லெப்பையையும் ஊர்ப் பெரியவர்களையும் அழைத்து ஒரு சமாதான விருந்தே வைத்துவிட்டாள். நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, கித்துள் கருப்பட்டி போட்ட வட்டிலப்பம்.

லெப்பை வட்டிலப்பத்தில் பெரிய துண்டை எடுத்து முஹைதீனின் ஓரத்தில் வைத்தார். "மனசுல என்ன ஈந்தாலும் இதோட விட்டுருங்க, தம்பி. மாமி அழுதுக்கிட்டு ஈக்கிறா."

"மனசுல ஒன்டுமில்ல, ஹஸ்ரத். கால்லதான்."

எல்லோரும் சிரித்தார்கள். இவ்வளவு பகிடி பேசுகிறவருக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். விளக்கிச் சொல்ல முஹைதீனுக்கு அலுப்பாக இருந்தது. திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சாப்பிட்டார். நீண்ட நாளைக்குப் பிறகு தின்றதால் அது அநியாயத்துக்கு ருசியாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு தப்ப முடியவில்லை. ஒவ்வொரு வேளையும் எல்லாக் கண்களும் அவர் ஓரத்திலேயே இருந்தன. அடுத்த நோன்பு வருவதற்குள் விரலை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சஹன் நிறையக் குரக்கன் பிட்டும் கீரையும் வந்தன. எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹபீல் தண்டனை அனுபவிப்பவன்போல மென்றான். மறுநாள் ஹபீலுக்குத் திடீரென்று தெல்தெனியவில் வேலை வந்தது. மற்ற மச்சான்மாருக்கும் ஒவ்வொரு காரணம் கிடைத்தது. கடைசியில் அத்தனை பெரிய சஹனுக்கு முன்னால் முஹைதீன் மட்டும் மிஞ்சினார். அவர்களைக் குறை சொல்ல அவருக்கு மனமில்லை. அவர்களுக்கெல்லாம் கால்விரல்கள் முழுசாக இருந்தன.

ஒரு மத்தியானம் பிட்டைப் பிசைந்தவர், வாய்க்குக் கொண்டுபோகத் தெம்பில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். இப்படித் தனியாகத் தின்று உயிரை வளர்க்கத்தான் வேண்டுமா என்று வெறுத்துப்போயிருந்தது.

திரை விலகியது. றலியா முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்து சஹனின் எதிர் ஓரத்தில் உட்கார்ந்தாள். முஹைதீன் பதறி எழப் பார்த்தார். கால் ஒத்துழைக்கவில்லை.

"இரிங்க, மருமகன்," என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "நானும் இதத்தான் தின்னப்போறன். ஒங்களத் தனிய உட ஏலா," என்றாள்.

இத்தனை வருடத்தில் அன்றுதான் அந்த முகத்தைப் பார்த்தார். தன் முகத்தைவிடக் களைத்த முகம். அவள் ஒரு பிடி தின்றாள். விழுங்கக் கஷ்டப்பட்டாள். பிறகு பழக்கம் விடாமல், தன் ஓரத்துப் பிட்டில் கொஞ்சத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

முஹைதீன் அதை எந்தப் பக்கமும் தள்ளவில்லை. சாப்பிட்டார்.