நின்ற பிறகு, நிறுத்திய பிறகு

அலுவலகத்தில் அவளுக்கு 'விகுதி அக்கா' என்று பெயர். துருக்கியிலிருந்து இயந்திரங்களை வரவழைத்து விற்கும் நிறுவனத்தில், கையேடுகளைத் தமிழாக்குவது அவள் வேலை. அந்த மொழி அவளிடம் சுலபமாக ஒட்டிக்கொண்டது. தமிழைப் போலவே அதிலும் வேற்றுமையும் எச்சமும் சொல்லின் வாலில் போய்த் தொற்றிக்கொள்ளும். ஓர் எழுத்து பிசகினாலும் விடமாட்டாள்.

அவள் எழுதியதைப் பார்த்து அச்சுக்கு அனுப்புபவர் ஆசிரியர். பதினோரு வருடப் பழக்கம். அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் கூடவே இருந்தவர்.

மாவு பிசையும் இயந்திரத்தின் கையேட்டில் 'துர்துக்தான்' என்றொரு சொல் வந்தது. 'துர்' என்றால் நில். 'துக்', நடந்து முடிந்ததைச் சொல்லும் எச்சம். 'தான்', 'இருந்து' என்னும் வேற்றுமை. அடுத்து வந்த 'சோன்ரா' என்றால் பிறகு. 'சுழலி நின்ற பிறகு மூடியைத் திறக்கவும்' என்று எழுதினாள். இன்னொரு 'துர்' சேர்ந்திருந்தால்தான் அது 'நிறுத்திய' ஆகும். நிறுத்தும் பொத்தானை அமுக்கிய பிறகும் சுழலி அரை நிமிடம் சுற்றும் என்பதால், 'மாற்ற வேண்டாம்' என்று ஓரத்தில் குறித்தும் கொடுத்தாள்.

அச்சில் வந்ததோ 'நிறுத்திய பிறகு'. ஒரு பேக்கரித் தொழிலாளி பொத்தானை அமுக்கினார், உடனே மூடியைத் திறந்து கையை விட்டார். இரண்டு விரல்கள் போயின.

விசாரணையில் அண்ணன் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "அவங்க எழுதினதை அப்படியேதான் அனுப்பினேன் சார்."

"அண்ணா, ஓரத்துல குறிச்சு வேற கொடுத்தேனே! அந்தத் தாள் எங்க?"

"எந்தத் தாள்மா?"

மேலாளர் அலுத்துக்கொண்டார். "நின்னா என்ன, நிறுத்தினா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணா இருந்திருந்தா அவருக்குப் பத்து விரலும் இருந்திருக்கும் சார்."

அவளுக்கு வேலை போனது. புதிய பதிப்பில் 'நின்ற பிறகு' என்று வந்தது. திருத்தியவர் என்று அண்ணன் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த அன்று, 'என்னிடம் தனியாக வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் பழியைப் பாதி ஏற்றிருப்பேனே' என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாள் தொழிலாளியின் வீட்டைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "இதை எழுதிக் கொடுப்பீங்களா? கேசுக்கு ஆகும்."

உட்கார்ந்து எழுதினாள். அண்ணன் பெயர் வரவேண்டிய இடத்தில் பேனா வெகுநேரம் நகரவில்லை. பிறகு முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.