ஆரத்தித் தட்டும் உள்ளே வராத பஸ்ஸும்

ஒரு காலத்தில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு தொகுதிகள் இருந்தன. ஓட்டு சிட்டியில், வீடு திருப்போரூர் பக்கம். ஆற்றோரம் இருந்த எங்கள் குடிசைகளை இடித்து, சட்டி பானையோடு லாரியில் ஏற்றி, இங்கே ஹவுசிங் போர்டு பிளாக்குகளில் இறக்கிவிட்டிருந்தார்கள். ரேஷன் கார்டு எப்படியோ பின்னாலேயே வந்து சேர்ந்தது. ஓட்டு மட்டும் வரவில்லை. எனக்கோ அதில் ஏகப் பெருமை. என் வகுப்பில் வேறு யாருக்கு இரண்டு தொகுதி?

அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பஸ். ஐ.டி. கம்பெனி ஒன்றில் கூட்டித் துடைக்கும் வேலை அவளுக்கு. பஸ் உள்ளே வராது, மெயின் ரோட்டோடு போய்விடும். விடியும் முன் பொட்டல்வெளியில் நடந்து, நாய்களுக்குத் தப்பி, அதைப் பிடிக்க வேண்டும். மழை பெய்தால் வழி முழுக்கச் சேறு. இன்னொரு தடவை லேட்டானால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தான்.

அப்போதுதான் எம்.பி. தேர்தல் வந்தது. எம்.பி.க்கும் டவுன் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஓட்டு கேட்டு வருகிறவர் யாரோ, எங்களுக்கு அவர்தான் அரசாங்கம்.

வேட்பாளர் திறந்த ஜீப்பில் வந்தார். பெண்கள் ஆரத்தித் தட்டோடு வரிசையாக நின்றார்கள், தட்டில் விழும் நோட்டுக்காகத்தான், வேறென்ன. மனு கொடுத்தால் ஜீப் நிற்காது. ஆரத்தி எடுத்தால் நின்றே ஆக வேண்டும். சுற்றுகிற தட்டைத் தாண்டிப் போனால் தோற்றுவிடுவோமோ என்று அவர்களுக்கும் பயம். அம்மா இதைத்தான் நம்பியிருந்தாள். நடு ரோட்டில் போய் நின்று தட்டைச் சுற்றினாள், சுற்றினாள், சுற்றிக்கொண்டே பேசினாள்.

"அண்ணே, பஸ்ஸு உள்ள வர மாட்டேங்குது. இருட்டுல நடந்து சாவறோம். நீங்க ஜெயிச்சு ஒரு பஸ்ஸு வுடணும்."

"வந்துடும்மா, கண்டிப்பா வந்துடும். ஓட்ட மட்டும் மறந்துடாத. உனக்கு எந்த பூத்து?"

அம்மா எங்கள் பழைய தெருப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாள். வேட்பாளரின் பக்கத்தில் நின்றவர் குனிந்து, "அது சிட்டி தொகுதிண்ணே. இந்த பிளாக்குல பாதிப் பேருக்கு ஓட்டு அங்கதான் கீது" என்றார்.

அவ்வளவுதான். அம்மா பொட்டு வைக்கக் கையை நீட்டுவதற்குள் ஜீப் நகர்ந்துவிட்டது. தட்டிலிருந்த சிவப்புத் தண்ணீர் அவள் புடவை மேலேயே கொட்டியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இங்கதான்னு சொன்னா இன்னாம்மா?"

"தட்டுல கற்பூரம் எரியறப்ப பொய் சொல்லச் சொல்றியாடி?" என்று முந்தானையைப் பிழிந்தாள்.

ஓட்டுப் போடும் நாளன்று சிட்டியிலிருந்து ஒரு கட்சி வேன் அனுப்பியது. கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு அம்மா என்னையும் ஏற்றிக்கொண்டாள். எங்கள் குடிசை இருந்த இடத்தில் கம்பி வேலி, உள்ளே பூச்செடி. பள்ளிக்கூட வரிசையில் எங்கள் பழைய தெருவே நின்றது. திசைக்கொன்றாகப் போனவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், அடுத்த நிமிஷமே சிரித்தார்கள். விரல் மை காயும் முன் அம்மா வேன்காரரிடம் பஸ் விஷயத்தை எடுத்தாள். "அது நம்ம தொகுதி இல்லியேக்கா," என்றார் அவர், நிஜமாகவே வருத்தப்பட்டு.

திரும்பிப் போக வேன் இல்லை. ஓட்டுப் போட்டு முடித்தவர்களை எதற்கு ஏற்ற வேண்டும்? பஸ் பிடித்து மெயின் ரோட்டில் இறங்கி, நல்ல புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள் அம்மா.

"இன்னாத்துக்கு இந்த பேஜாரு? ஓட்ட இங்க மாத்திக்கலாம். பஸ்ஸாவது கேக்கலாம்ல," என்றார் அப்பா அன்று ராத்திரி.

அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "மாத்திட்டா, நாம அங்க இருந்தோம்னு சொல்ல வேற இன்னா கீது?"

அந்த வருஷ மழையில் அம்மாவுக்கு வேலை போனது. அடுத்த வேலை தேடும் முன் அவளே ஒரு நாள் கிளம்பிப் போய் ஓட்டை இங்கே மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பஸ் வர அதற்குப் பிறகும் வெகு காலம் ஆனது, அது வேறு விஷயம். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இனி எங்களுக்கும் ஒரே தொகுதிதான், பஸ் வரப்போகிறது என்று பிளாக் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நல்ல சேதி கிடைத்த நாளில் அம்மா ஏன் இப்படி அழுகிறாள் என்று விளங்காமல், வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.