மூக்கின் அகலம்

சிறுசேரியில் ஒரு கம்பெனியில் எனக்கு ஒப்பந்த வேலை. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று தன்னிடமிருந்த பழைய படங்களை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தது. படத்தின் பின்பக்கம் அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்ததைப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். முதல் வாரம் முழுக்க ஈட்டி, கூடை, மீன்வலை. பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வந்தாள். கட்டம் போட்ட துணிக்கு முன்னால், இடுப்புக்கு மேல் துணியில்லாமல் நின்றாள். பக்கத்தில் ஓர் அளவுகோல். படத்தின் பின்பக்கம் ‘இருளர் பெண், தாம்பரம் அருகே’ என்று எழுதி, தலையின் நீளம், மூக்கின் அகலம் எல்லாம் குறித்திருந்தார்கள். பெயர் இல்லை.

நானும் இருளர்தான். ஆபீசில் யாருக்கும் தெரியாது.

டீம் லீடரிடம் போனேன். “சார், இந்தப் படம் அப்படியே வெப்சைட்ல வருமா?”

“ஆமா. ஏன், ஸ்கேன் சரியில்லையா?”

“இல்ல சார். உடம்பு தெரியுது.”

“எந்தக் காலத்துப் படம்மா அது! இப்ப யாருக்கு என்ன? இருக்கறதை டைப் பண்ணுங்க, போதும்.”

உள்ளே செல்போனுக்கு அனுமதி கிடையாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாயால்தான் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“சிரிச்சுகினு கீறாளா?”

“இல்லம்மா. கையைத் தொடையோட ஒட்டி, விரலை மடக்கி வச்சிருக்கா.”

அம்மா களைந்த தண்ணீரை வடித்தாள். “உனக்கு சாதி சர்டிபிகேட் வாங்கப் போனப்போ ஆபீசர் என்னை நிக்க வச்சே பாத்தாரு. பாம்பு புடிப்பியா, எலி துன்னுவியான்னு கேட்டாரு. ஆமான்னேன். இல்லன்னா கையெழுத்து போட மாட்டாரே.”

அன்றுவரை அதை அவள் என்னிடம் சொன்னதில்லை.

மறுநாள், ‘இவரிடம் சம்மதம் கேட்டதாக எங்கும் எழுதவில்லை’ என்று குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன். சாயங்காலமே தவறு என்று திரும்பி வந்தது. மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாதாம். இன்னொரு முறை இப்படிச் செய்தால் வேலை இருக்காது என்றார் டீம் லீடர். வரியை அழித்தேன். மூக்கின் அகலத்தைச் சரிபார்த்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் படம் வெப்சைட்டில் வந்துவிட்டது. அம்மா கேட்டதால் போனில் எடுத்துக் காட்டினேன். வாங்கியவுடன் கட்டைவிரலால் அந்தப் பெண்ணின் மார்பை மறைத்துக்கொண்டு முகத்தை மட்டும் பார்த்தாள்.

“சின்னப் பொண்ணுடி” என்றாள்.