புளியமரத்தடியிலிருந்து தெரிந்த முகம்

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குள் அம்மா போனதில்லை. காலனியிலிருந்து யாருமே போனதில்லை. திருவிழாவன்று மாவிளக்குத் தட்டோடு எதிரே ரோட்டோரப் புளியமரத்தடியில் நிற்போம். பூசாரி வந்து, தட்டின்மேல் தண்ணீர் தெளித்த பிறகே வாங்கிப் போவார். உள்ளே தீபாராதனை காட்டும்போது அந்த மரத்தடியிலிருந்து அம்மனின் முகம் கட்டைவிரல் அளவுக்குத் தெரியும். அந்த இடத்தைப் பிடிக்க அம்மா விடிவதற்கு முன்பே போய்விடுவாள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்லூரிக்குப் போனபோது நாங்கள் ஐந்து பேர் ஒன்று சேர்ந்தோம். காலனியிலிருந்து என்னோடு சேர்த்து மூன்று பேர், ஊர்த்தெருவிலிருந்து ஒரு பையனும் ஒரு பெண்ணும். மனித உரிமை, சமத்துவம் என்று ராசிபுரம் பஸ்ஸில் தொண்டை வறளப் பேசுவோம். "மந்திரிசபை ஏறிருச்சு, போலாம் ரைட்" என்பார் கண்டக்டர். அவர் கேலி செய்தால் என்ன, நாட்டையே திருத்திவிடுவோம் என்று நாங்கள் நிஜமாகவே நம்பினோம்.

முதலில் கோயில் என்று முடிவு செய்து கலெக்டரிடம் மனு கொடுத்தோம். அரசாங்கத்தின் பொறுப்பில் இருக்கும் கோயில், யாரையும் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

அம்மா பயந்தாள். "வேண்டாஞ்சாமி, காட்டு வேலைக்குக் கூப்புட மாட்டாங்க" என்றாள். அப்புறம் ஒருநாள் மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "உள்ள போனா அம்மனோட காலு தெரியுமா சாமி? இங்கிருந்து மொகந்தான தெரியுது."

அதன்பிறகு சட்டமெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. அம்மா அந்தக் காலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே போகும் நாளில் கட்டிக்கொள்ள மஞ்சள் சேலை ஒன்றை அவள் எடுத்து வைத்தாள்.

தாலுகா ஆபீஸில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. ஊர்ப் பெரியவர்கள் நாற்காலியில், நாங்கள் சுவரோரம். "வழக்கத்த மாத்த முடியாதுங்க" என்பதையே அவர்கள் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்கமாட்டாமல் ஊர்த்தெருப் பையன் எழுந்தான். அவனுடைய அப்பாவே எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"போனா எல்லாரும் போகோணுமுங்க. இல்லீன்னா ஒருத்தரும் போகக் கூடாது."

நாங்கள் கைதட்டினோம். அதிகாரியின் முகம் அப்போதுதான் தெளிந்தது. மறுநாள் காலை கோயில் கதவில் அதிகாரிகள் பூட்டுப் போட்டு சீல் வைத்திருந்தார்கள். அமைதி வந்துவிட்டதாம். அவன் சொன்னதில் பின்பாதி மட்டும் அவர்களுக்கு வசதியாகக் காதில் விழுந்திருக்கிறது.

ஊர்க்காரர்கள் அசரவில்லை. ஒருவருடைய பட்டா நிலத்தில் புதுக்கோயில் கட்டி, உயரமாகச் சுற்றுச்சுவரும் எழுப்பிவிட்டார்கள். சொந்த இடம், யாரைப் போய்க் கேட்பது? அந்தப் பையனை அவன் அப்பா போர்வெல் லாரியில் வடக்கே அனுப்பிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அவசரமாகக் கல்யாணம் முடிந்தது. மற்ற இருவரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அம்மா பயந்தபடியே காட்டு வேலையும் போயிற்று. இப்போது நான் தனியாக பஸ் ஏறும்போது கண்டக்டர் கேலி செய்வதில்லை. அவர் கேலி செய்தால்கூடத் தேவலை என்றிருக்கிறது.

இந்த வருடத் திருவிழாவுக்கு மேளச் சத்தம் புதுக்கோயில் பக்கம் கேட்டது. அம்மா அந்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு, மாவிளக்குத் தட்டோடு புளியமரத்தடிக்குப் போய்விட்டாள். இடம் பிடிக்க அங்கே வேறு யாரும் வரவில்லை. எதிரே சீல் வைத்த கதவு, படியெல்லாம் சருகு.

"வாம்மா, ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

"உன்னையக் குத்தஞ் சொல்லல சாமி" என்றாள். கொஞ்ச நேரம் கதவையே பார்த்தாள். "முந்தி மொகமாச்சும் தெரிஞ்சுது."

எனக்கு அழக்கூட யோக்கியதை இல்லை என்று தோன்றியது. மேளம் ஒரு பக்கம் கேட்டது, கதவு இன்னொரு பக்கம் இருந்தது. விளக்கை எந்தப் பக்கம் பார்த்து வைப்பதென்று தெரியாமல் அம்மா தட்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.