பெட்டி மாறி ஊற்றிய உப்புத் தண்ணீர்

நேற்றுச் சாயங்காலம் அத்தை எங்கள் புது ஃப்ரிட்ஜைத் திறந்து, நான் வைத்திருந்த பாதிப் பப்பாளியை வெளியே எடுத்துவிட்டாள். விதையை வழித்துப் போட்டுவிட்டு, வெட்டிய பக்கம் மேலே பார்க்க வைத்திருந்தேன். "ஏட்டி, பேங்க்ல உக்காந்து கையெழுத்துப் போடுதவளுக்கு இது தெரியாதாக்கும்? மிஞ்சுற பாதியில விதைய எடுக்கக் கூடாது. வெட்டுவாய் தட்டப் பாத்துக் கவுந்து கெடக்கணும்" என்றாள். இடக்கையால் அதைத் தட்டில் கவிழ்த்தாள். வலக்கையில் மூன்று விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன. பதினான்கு வருஷமாக அப்படித்தான் நிற்கின்றன.

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்து நடைபாதையில் பழம் நறுக்கி விற்றாள். அடிபட்ட ஆப்பிள்களை மலிவாக வாங்கி, கெட்ட இடத்தைச் சீவி எறிந்து, நல்லதைத் துண்டு போடுவாள். விற்காமல் மிஞ்சியதைக் கறுக்கவிடாமல் மறுநாள்வரை காப்பாற்றுவதில்தான் அவள் பிழைப்பே இருந்தது. எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இரண்டு தேயிலைப் பெட்டிகள் வைத்திருந்தாள், உள்ளே ஈயத்தாள் ஒட்டிய மரப்பெட்டிகள். வலதுபக்கப் பெட்டியில் ஐஸ் துண்டுகளும், அவற்றின்மேல் பப்பாளி, அன்னாசிப் பாதிகளும் ஈரச்சாக்கு மூடிக் கிடக்கும். இடதுபக்கப் பெட்டியில் ஐஸைப் பொதிய உலர்ந்த மரத்தூள். ஆப்பிள் துண்டுகள் தனியே ஒரு தகரத் தொட்டியில் உப்புத் தண்ணீரில் மிதக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பழைய உப்புத் தண்ணீரை மொண்டு சாக்கின்மேல் தெளிப்பதும், தொட்டிக்குப் புதிதாக உப்புக் கரைப்பதும் என் வேலை.

அந்த வருஷங்களில் கல்கத்தாவில் கட்சிச் சண்டை; விடிந்தால் எங்காவது ஒரு பிணம் கிடக்கும். ஒருநாள் எங்கள் சந்து முனையிலேயே கிடந்தது, கழுத்து பாதி அறுபட்டு. போலீஸ் வண்டி வந்து எடுத்துப் போன பிறகு, அத்தை முந்தின நாள் உப்புத் தண்ணீரை ஊற்றி ரத்தத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஐந்தடி தள்ளித் தன் கூடையை வைத்தாள். "உப்புக்குத்தான் இது போகும்" என்றாள். அன்றைக்கும் பழம் விற்றது.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். அதை இன்றும் தலை நிமிர்ந்துதான் சொல்கிறேன். முந்தின வருஷம் கலவரத்தில் முழுப்பரீட்சையே நடக்கவில்லை. இந்த வருஷமும் சித்திரை வெயில்வரை தள்ளிப் போயிருந்தது. "இந்தத் தடவையும் இல்லேன்னா அப்பளக் கம்பெனிக்கு வந்துரு" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அவரும் அம்மாவும் அங்கேதான் வேலை செய்தார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் சந்துக்காரர்கள் மூன்று பேர் ஒரு பையோடு வந்தார்கள். அத்தையைக் கேட்காமலே இடதுபக்கப் பெட்டியின் மரத்தூளை விலக்கி, சணல் சுற்றிய உருண்டைகளைப் பத்துப் பன்னிரண்டு உள்ளே அடுக்கினார்கள். அவை நாட்டு வெடிகுண்டுகள் என்று அந்த வருஷம் குழந்தைக்கும் தெரியும். போகும்போது அவர்களில் உயரமானவன் என்னைப் பார்த்துச் சிரித்து, அத்தையிடம் வங்காளியில் சொன்னான்: "மாஷி, உன் பொண்ணுக்கு நாளைக்கு லீவு. பரீட்சை எழுத பள்ளிக்கூடம் இருந்தாத்தானே?" அத்தை என் காதைப் பிடித்து, "அந்தப் பெட்டிப் பக்கம் போனியோ, கொன்னுருவேன்" என்று சொல்லிவிட்டு வியாபாரத்துக்குப் போனாள்.

நான் போனேன். தொட்டியிலிருந்த உப்புத் தண்ணீரைக் குவளை குவளையாக மொண்டு, இடதுபக்கப் பெட்டியில் மெதுவாக ஊற்றினேன். உருண்டைகள் ஊறிக் கறுத்து, சணல் நெகிழும்வரை ஊற்றினேன். பிறகு தொட்டியில் புது உப்புக் கரைத்து வைத்துவிட்டு, கணக்குப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தேன்.

இருட்டுவதற்கு முன்பே அவர்கள் திரும்பி வந்தார்கள். அத்தையும் அப்போதுதான் கூடையை இறக்கி, மிஞ்சிய ஆப்பிளைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் கை விட்டவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அத்தை ஈர மரத்தூளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான்தான் ஊத்தினேன். பெட்டி மாறிப்போச்சு" என்றாள். உயரமானவன் அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். இன்னொருவன் என் பக்கம் திரும்பி, "இவளா?" என்றான். வாயில் ரத்தத்தோடு அத்தை சொன்னாள்: "அவ படிக்கிற பிள்ள. இதையெல்லாம் தொடமாட்டா."

அவளுடைய வலக்கையைப் பெட்டி மூடிமேல் வைத்து அழுத்திக்கொண்டு, ஐஸ் உடைக்கிற அவளுடைய சுத்தியலாலேயே அடித்தார்கள். மூன்று முறை. எலும்பு நொறுங்குகிற சத்தம் ஐஸ் நொறுங்குகிற சத்தம்போலவேதான் இருந்தது. நான் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். 'நான்தான்' என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் என் கை பேனா பிடிக்காது என்று அந்த நேரத்திலும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

காலையில் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி அத்தை என்னை வாசல்வரை தள்ளினாள். "போ. போயி எழுது." பள்ளிக்கூடம் திறந்திருந்தது. கிளம்பும்போது தகரத் தொட்டியைப் பார்த்தேன். அத்தையின் ரத்தம் தெறித்துத் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. ஆப்பிள் துண்டு ஒன்றுகூடக் கறுக்கவில்லை.

அந்த மூன்று பேரும் எங்கள் பக்கமே வராமல் போன பிறகு, அக்கம்பக்கத்தில் யார் விரலைப் பற்றிக் கேட்டாலும், "பாவம், சின்னப்பிள்ள. பரீட்சப் பயத்துல பெட்டி மாறி ஊத்திட்டா" என்றுதான் அத்தை இத்தனை வருஷமும் சொல்லிவந்தாள். நானும் அருகில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று அந்த மடங்காத விரல்களுக்கு முன்னால் என்னால் மறைக்க முடியவில்லை. "அத்த, பெட்டி மாறல. தெரிஞ்சேதான் ஊத்தினேன்" என்றேன்.

அவள் தட்டைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஃப்ரிட்ஜின் குளிர் எங்கள் கால்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு என்ன பரீட்ச?"

"கணக்கு."

"எத்தன மார்க்கு?"

"நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு."

அத்தை தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கைக்கு ஒம்பது மார்க்கு கொறச்சல்தான்" என்றாள். பிறகு கவிழ்ந்த பப்பாளியைத் தட்டோடு உள்ளே வைத்து, இடக்கையால் கதவைச் சாத்தினாள்.